பக்க எண் இல்லாத சொல்லடைவு

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் பரீட்சை என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் ஒரு சிறு புன்னகை வரும். விடை கையிலேயே இருக்கும்போது சோதிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பது அந்தப் புன்னகையின் பொருள். மனனம் செய்வதையே கல்வி என்று நெடுங்காலம் கொண்டிருந்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாம். இந்த ஐயம் நமக்கு இயல்பானதே. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டத்தரணியாவதற்குரிய உரிமப் பரீட்சைகளை எழுதிய எவரும் அந்தப் புன்னகையில் பங்குகொள்ள மாட்டார்கள்.

1797இல் நிறுவப்பட்டு, 2018 வரை மேல் கனடாச் சட்டச் சங்கம் என்ற பெயரைத் தாங்கியிருந்த ஒன்ராறியோ சட்டச் சங்கமே இப்பரீட்சைகளை நடத்துவது. நாங்கள் எழுதிய 2023ஆம் ஆண்டில் இவை இரண்டு. பாரிஸ்டர் பரீட்சையில் சிவில் வழக்கு, குற்றவியல், குடும்பச் சட்டம், பொதுச் சட்டம். சொலிசிட்டர் பரீட்சையில் வணிகம், காணி விற்பனை, உயிலும் மரணச் சொத்தும். தொழில் ஒழுக்கம் இரண்டுக்கும் பொது. படிக்க வேண்டியவற்றைச் சங்கமே தொகுத்துத் தந்துவிடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். பக்கமொன்றில் இரண்டு பத்திகளாக நெருக்கி அச்சிட்டவை. அவற்றை அச்செடுத்து, பரீட்சை மண்டபத்துக்குள் தூக்கிச் செல்லலாம். விரும்பியதை அடிக்கோடிடலாம், ஓரத்தில் எழுதலாம், வண்ணத்தாள் ஒட்டலாம். கணினிக்கு மட்டும் இடமில்லை.

ஒவ்வொரு பரீட்சையிலும் 160 கேள்விகள், நாலரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் கேள்விக்கு 101 விநாடி. அந்த 101 விநாடிக்குள் ஒரு கட்சிக்காரரின் கதையை வாசிக்க வேண்டும். கதைக்குள் எந்தச் சட்டம் ஒளிந்திருக்கிறது என்று அறிய வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர வேண்டும். ஆயிரம் பக்கங்கள் கையில் இருப்பதும் ஒரு பக்கமும் இல்லாமலிருப்பதும் அப்போது ஏறக்குறைய ஒன்றுதான். சங்கம் தருகின்ற தொகுப்புகளுக்கு விரிவான பொருளடக்கம் உண்டு, சொல்லடைவு கிடையாது. அந்த இல்லாத பக்கங்களை எழுதுவதுதான் மாணவருடைய உண்மையான வேலை. அதை இங்கே எல்லோரும் ‘இன்டெக்ஸ்’ என்றே சொல்வார்கள்.

ஸ்காபரோவில் நாங்கள் நால்வர் சேர்ந்து அந்த வேலையைச் செய்தோம். ஒருவர் இங்கேயே வளர்ந்து இங்கேயே சட்டம் படித்தவர். ஒருவர் கொழும்பில் படித்தவர். ஒருவர் சென்னையிலிருந்து வந்தவர். நாலாமவர் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் வழக்காடியவர். எங்களைவிட வயதில் மிக மூத்தவர். அவரை நாங்கள் அக்கா என்றே அழைத்தோம். வெளிநாட்டில் படித்த மூவரும் தேசிய மதிப்பீட்டுக் குழுவின் சான்றிதழைப் பெற்ற பிறகே இந்தப் படியில் கால் வைக்க முடிந்தது.

வேலை எளியது போலத் தோன்றும். அத்தியாயங்களை நாலாகப் பிரித்துக்கொண்டோம். கணினியில் ஓர் அட்டவணை: சொல், அதன் கீழ் உட்சொல், பக்கம், இடப்பத்தியா வலப்பத்தியா என்ற குறிப்பு. நால்வரின் அட்டவணைகளையும் ஒன்றாக்கி அகர வரிசைப்படுத்தினால் முடிந்தது. முதற்சுற்று முடிந்தபோது எங்களிடம் பருத்த சொல்லடைவு ஒன்று இருந்தது. பயிற்சிக் கேள்விகளை வைத்து அதைச் சோதித்தபோதுதான் சொல்லடைவு என்பதன் உள்ளியல்பு தெரியத் தொடங்கியது.

நூலைத் தொகுத்தவர் கருத்துகளின் பெயரால் சிந்திக்கிறார். கேள்வி எழுதுபவரோ கருத்தின் பெயரை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்கிறார். ஒரு கணவனும் மனைவியும் வீட்டை விற்க ஒரே சட்டத்தரணியிடம் வருகிறார்கள். இரண்டு நாள் கழித்துக் கணவன் மட்டும் தொலைபேசியில் அழைத்து, மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று ஒன்றைச் சொல்கிறான். சட்டத்தரணி என்ன செய்ய வேண்டும்? நூலில் இதற்குப் பெயர் கூட்டு நியமனம். அதன் விதி தெளிவானது: கூட்டுக் கட்சிக்காரர்களுக்கிடையே அந்த விடயத்தில் இரகசியம் இல்லை, ஒருவர் சொன்னதை மற்றவரிடமிருந்து மறைக்க முடியாது, தீராத முரண் எழுந்தால் சட்டத்தரணி இருவருக்காகவும் தொடர முடியாமற் போகலாம். ஆனால் கேள்வியில் ‘கூட்டு நியமனம்’ என்ற சொல் எங்கும் வராது. ஆகவே அந்தப் பக்கத்துக்கு ‘இரகசியம்’, ‘கணவன் மனைவி’, ‘தொலைபேசி அழைப்பு’, ‘மற்றவருக்குச் சொல்லாதே’ என்று நாலு வாசல்கள் வேண்டியிருந்தன. அதே பக்கம், அதே பத்தி. உள்ளே போவதற்கு வழி மட்டும் வேறு வேறு.

அப்போதுதான் ஒன்று எங்களுக்குப் புலப்பட்டது. சொல்லடைவு என்பது நூலைப் பற்றிய குறிப்பன்று, தேடுபவரைப் பற்றிய குறிப்பு. நாளைக்கு நான் எதை மறந்திருப்பேன், எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பேன் என்று இன்றைக்கே ஊகித்து எழுதுவது அது.

நமது மரபில் இது எவ்வளவு தாமதமாக வந்த சிந்தனை என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். திவாகரமும் பிங்கலமும் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தவை: தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகையை வைத்துச் சொற்களை அடுக்கியது. இரண்டாம் எழுத்தின் ஓசையைப் பிடித்துக்கொண்டு சொல்லைத் தேடுவதென்றால் தேடுபவரின் செவிக்குள் செய்யுள் ஏற்கெனவே குடியிருக்க வேண்டும். 1594இல் சிதம்பர இரேவண சித்தர் அகராதி நிகண்டை இயற்றியபோதுதான் முதலெழுத்தின் வரிசை நிகண்டுக்குள் வந்தது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அதை மேலும் வளர்த்தது. அகர வரிசை என்பது மனனம் செய்யாதவருக்கான ஏற்பாடு. அது மறதியை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளின் இறுதியில் உள்ள அரும்பத அகராதியைப் புரட்டும் எவரும், ஓர் ஆசிரியர் தமது மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று எண்ணிப் பார்த்த கவனத்தை அங்கே காணலாம். அந்தப் பக்கங்கள் நூலுக்குப் பின்னால் ஒட்டிய வால் அல்ல. அவரது வாசிப்பின் சாறு.

எங்கள் சொல்லடைவில் அந்தக் கவனத்தைக் கொண்டுவந்தவர் அக்கா. ஆங்கிலம் அவருக்கு அலுவல் மொழியாக நன்கு பழகியதுதான். ஆனால் 101 விநாடியில் மனம் ஓடும் மொழி வேறு. குடும்பச் சட்டப் பகுதியை அச்செடுத்துக் கொடுத்தபோது, அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, உந்தச் சொல்லு அவசரத்தில எனக்கு வராது. எனக்கு வாற சொல்லைப் போட்டுத் தாங்கோ.”

அவருக்கு வந்த சொல் ‘தேடியதேட்டம்’. யாழ்ப்பாணத்தின் தேசவழமை, 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்ட வழமைச் சட்டம். முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குத் திருமணத்தின்போது கொடுத்தது சீதனம், திருமணத்தின் பின் ஈட்டியது தேடியதேட்டம் என்று அது சொத்தை மூன்றாக வகுத்தது. ஒன்ராறியோவின் குடும்பச் சட்டம் சொத்தை அப்படி வகுப்பதில்லை. மணமுறிவின்போது, திருமணக் காலத்தில் ஒவ்வொருவரின் செல்வமும் எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கிட்டு, வித்தியாசத்தில் பாதியைப் பணமாகச் சமன்செய்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் திருமணத்துக்குப் பின் சேர்ந்ததைப் பற்றிய கேள்வியொன்றைக் கண்டதும் அக்காவின் மனம் போய் நிற்கும் வாசல் தேடியதேட்டம்தான். ஆகவே எங்கள் சொல்லடைவில் தகரத்தின் கீழ் அந்தச் சொல் ஏறியது. அதற்கு நேரே, சமன்செய்தல் பற்றிய பக்கம்.

இன்னொன்றும் ஏறியது. ‘கணவனின் ஒப்புதல்’ என்று அவர் எழுதினார். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தனது அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம் விதித்திருந்தது. அந்த ஒப்புதலுக்காகக் காத்துக்கிடந்த பெண்களின் கோப்புகளைத் தம் கையால் கட்டியவர் அக்கா. ஒன்ராறியோவிலோ குடும்ப வீடு யாருடைய பெயரில் இருந்தாலும், மற்றவருடைய ஒப்புதலின்றி அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனாலும் முடியாது, மனைவியாலும் முடியாது. அவர் அந்த இடத்தில் பேனையை நிறுத்தி, ‘கணவனின்’ என்பதை அடித்துவிட்டு ‘இருவரதும்’ என்று திருத்தினார். அடித்த சொல்லை முழுவதும் அழிக்கவில்லை. கோட்டுக்குக் கீழே அது தெரிந்துகொண்டேயிருந்தது. குடும்ப வீடு பாரிஸ்டர் நூலில் மணமுறிவாகவும் சொலிசிட்டர் நூலில் காணி விற்பனையாகவும் இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டுக்கும் அந்த ஒரு திருத்தமே எங்களுக்கு வழிகாட்டியது. ஒரு சட்டத்தைக் கற்பதென்பது, ஏற்கெனவே நம்முள் இருக்கும் சட்டத்தோடு அதைப் பொருத்தியும் மோதியும் பார்ப்பதே என்று அன்று தோன்றியது.

சொல்லடைவின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்ளூர்ச் சட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள் ஆண்டுதோறும் கூட்டாகச் சேர்ந்து சொல்லடைவு தயாரித்து, அடுத்த ஆண்டினருக்குக் கைமாற்றுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் நண்பர் உள்ளவருக்கு அது இலவசம். பகலில் வேலைக்குப் போய், இரவில் தனியே படிக்கும் வெளிநாட்டுச் சட்டத்தரணிக்கு அந்த வட்டமே தெரியாது. அவர் வாயிலில்தான் சந்தை திறக்கிறது. சொல்லடைவை விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குவதற்குத் தேவையும் அச்சமும் இருக்கின்றன. அந்த அச்சம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை அண்மைக்கால வரலாறே காட்டியது. பெருந்தொற்றின்போது இப்பரீட்சைகள் இணையவழிக்கு மாறின. 2022 மார்ச்சில் நடக்கவிருந்த அமர்வு, கேள்விகள் முறைகேடாக வெளியேறியதற்கான அறிகுறிகளால் நிறுத்தப்பட்டு, பரீட்சை மீண்டும் மண்டபத்துக்கும் காகிதத்துக்கும் திரும்பியது. பின்னர் பலருடைய பெறுபேறுகளைச் சங்கம் செல்லாதவையாக்கியது. அந்த முடிவுகளில் சில நீதிமன்றம் சென்றன. நியாயமான நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று 2023இல் டிவிஷனல் நீதிமன்றம் அவற்றைத் தள்ளியது. யார் எவ்வளவு குற்றவாளி என்பது நம் ஆராய்ச்சியன்று. நாம் கவனிப்பது வேறொன்றை: விடையைத் தேடும் வழிக்கும் விடைக்குமிடையே உள்ள கோடு விற்பனைப் பொருளானவுடன் மெலிந்துவிடுகிறது.

சென்னை நண்பர் இதை வேறொரு கோணத்திலிருந்து பார்த்தார். இந்தியாவில் அகில இந்திய பார் தேர்வு 2011 மார்ச்சில் முதல்முறையாக நடந்தபோது அதுவும் புத்தகத்தைத் திறந்து எழுதும் தேர்வாகவே இருந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுதலாம். நூறு கேள்விகள்; எந்த நூலையும் கொண்டுபோகலாம். பெட்டி பெட்டியாக வழிகாட்டிகள் மண்டபத்துக்குள் சென்றன. 2021இல் இந்திய பார் கவுன்சில் அதை மாற்றியது. குறிப்புரை இல்லாத வெறும் சட்டப் பிரதிகளுக்கு மட்டுமே அனுமதி என்றாயிற்று. ‘இப்போது ஒவ்வொருவரும் சட்டத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பிரிவு வரிசையையே சொல்லடைவாகப் பழகிக்கொள்ள வேண்டும்’ என்றார் அவர். பிரிவு எண்களைத் தலைக்குள் வைத்திருப்பவருக்கு அது கைகொடுக்கும். ஆனால் எண்களும் நிலையானவை அல்ல. ஏமாற்றுக்காரனுக்கு ‘நானூற்றிருபது’ என்று தமிழகமே பெயரிட்டு வைத்திருந்தது. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்தக் குற்றம் 318ஆம் பிரிவுக்குக் குடிபெயர்ந்தது. பேச்சு வழக்கில் இன்னும் பழைய முகவரிதான்.

இரவல் சொல்லடைவின் ஆபத்தும் இதுவே. ஆண்டுதோறும் சங்கம் தொகுப்பைத் திருத்தி வெளியிடுகிறது; பக்க எண்கள் நகர்கின்றன. பக்க எண் தவறினால் தேடுபவர் அதை உடனே கண்டுகொள்வார், சில விநாடிகள் போகும். சட்டமே மாறியிருந்தால் அது அவருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் திருமணம் செய்தால் அதற்கு முன் எழுதிய உயில் பொதுவாகச் செல்லாது என்பது நீண்டகால விதி. 2022 ஜனவரி 1 முதல் அந்த விதி இல்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் வாழ்க்கைத்துணைக்கு முதலில் சேர வேண்டிய பங்கு இரண்டு இலட்சம் டொலராக இருந்தது. 2021 மார்ச் 1 முதல் மூன்றரை இலட்சம். எங்கள் கைக்கு வந்த பழைய சொல்லடைவொன்றில் ‘திருமணம் – உயில் ரத்து’ என்று ஒரே வரியில் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவாக இருந்ததே அதன் குற்றம். அதை நம்புபவர் நூலைத் திறந்து பார்க்கவே மாட்டார். நல்ல சொல்லடைவு விடையைச் சொல்லாது, இடத்தை மட்டுமே சொல்லும் என்ற விதியை அன்றே வகுத்துக்கொண்டோம்.

இதற்குப் பிறகு எங்கள் வேலை சேர்ப்பதிலிருந்து நீக்குவதற்கு மாறியது. பயிற்சியின்போது ஒருமுறைகூட எவரும் தேடாத சொற்களை அகற்றினோம். பிரதிவாதி ஒன்ராறியோவுக்குள் இருந்தால் எதிர்வாதம் தாக்கல் செய்ய 20 நாள், கனடாவின் பிற பகுதிகளிலோ அமெரிக்காவிலோ இருந்தால் 40 நாள், வேறெங்காவது இருந்தால் 60 நாள் என்பது போன்றவை சொல்லடைவில் தேடித் தேடியே மனத்தில் தங்கிவிட்டன. இனி அவற்றைத் தேட வேண்டியதில்லை. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் சொல்லடைவு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியிருந்தது. தயாரித்தவர்க்கு அது மெலிய மெலியப் பயன் கூடியது. மண்டபத்தில் நாங்கள் அதைத் திறந்த தடவைகளும் எண்ணியிருந்ததைவிடக் குறைவே. எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் எது இருக்கிறது என்பதைக் கை அறிந்திருந்தது. மனனத்துக்கு மாற்றாகத் தொடங்கிய வேலை, கடைசியில் வேறொரு வகை மனனத்தில்தான் கொண்டுபோய் விட்டது. ஆனால் இது சொற்களை மனனம் செய்வதன்று. இடங்களை அறிவது, ஊரை நடந்து அறிவதுபோல.

பெறுபேற்றில் புள்ளிகள் இல்லை. தேறினீர்கள் அல்லது தேறவில்லை, அவ்வளவுதான். நால்வரும் தேறினோம். அக்காவுக்கு அது இரண்டாம் முறை. முதல்முறை தனியே படித்து எழுதியிருந்தார். பெறுபேறு வந்த வாரத்திலேயே எங்களிடம் கேள்வியும் வந்தது. ‘உங்கள் இன்டெக்ஸைத் தருவீர்களா?’

கொடுப்பதா என்று நாங்கள் நெடுநேரம் பேசினோம். கொடுக்காவிட்டால், வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைச் சந்தையிடம் அனுப்புகிறோம். முழுமையாகக் கொடுத்தால், எங்கள் மறதிக்கு ஏற்பத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிடுகிறோம். போதாததற்கு ஓராண்டில் அது பொய்யும் சொல்லத் தொடங்கும். இங்கே படித்தவர் கொடுக்கலாம் என்றார். சென்னை நண்பர் வேண்டாமென்றார். அக்கா இருவரையும் கேட்டுவிட்டு, “சொல்லைக் குடுங்கோ, பக்கத்தைக் குடுக்காதேங்கோ” என்றார்.

அப்படியே செய்தோம். சொற்களும் உட்சொற்களும் அப்படியே இருந்தன, தேடியதேட்டமும் இருந்தது. பக்க எண்ணுக்குரிய நிரல் மட்டும் வெறுமையாக. நிரப்ப வேண்டுமென்றால் ஆயிரம் பக்கங்களையும் ஒருமுறை வாசித்தே ஆக வேண்டும். பெற்றுக்கொண்டவர்களில் சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒருவர் இது என்ன கஞ்சத்தனம் என்று நேரிலேயே கேட்டார். சிலர் நிரப்பினார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு தங்கை, அடுத்த கோடையில் தான் நிரப்பிய பிரதியைக் கொண்டுவந்து காட்டினாள். வெற்று நிரல் முழுவதும் பென்சில் எண்கள். அவற்றுக்கிடையே எங்களுக்குத் தோன்றாத தலைச்சொற்கள் பல புதிதாக ஏறியிருந்தன: ‘கையெழுத்திட மறுத்தால்’, ‘முகவரி தெரியாவிட்டால்’, ‘பணம் தராமல் போய்விட்டால்’. எல்லாம் ‘ஆல்’ என்று முடிந்தன. கட்சிக்காரர் கதவைத் தட்டும்போது அப்படித்தான் கேட்பார்.